வேங்கைத் தண்ணீர்

என் மாமாவுக்கு உலகத்தில் மூன்றே மரங்கள்தான் இருந்தன. பர்மா தேக்கு, ரோஸ்வுட், நாட்டு மரம். கொட்டகையில் வந்து இறங்குகிற எந்தச் சாமானும் முதல் நாள் பர்மா தேக்காகவோ ரோஸ்வுட்டாகவோ இருக்கும். நான்கைந்து மாதம் யாரும் கேட்காமல் மழையில் நனைந்து வெயிலில் வெடித்தால், ஒரு நாள் அது நாட்டு மரமாகிவிடும். அப்புறம் செங்கல் சூளைக்காரர் வந்து விறகுக்கு ஏற்றிப்போவார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிராய்லர் கோழி வளர்த்துப் பார்த்தார்; கோழிகள் ஒரே வாரத்தில் செத்தன. கேபிள் கனெக்‌ஷன் கொடுத்துப் பார்த்தார். ஊரெல்லாம் டிஷ் வந்துவிட்டது. பிறகு பாண்டி டவுனில் பழைய வீடுகளை இடித்து ஓட்டல் கட்டுகிற வேலை மும்முரமானபோது, இடிக்கிற வீட்டுக் கதவு, ஜன்னல், பீரோ, கட்டில்களை மொத்தமாகப் பேசி எடுத்துவந்து, வில்லியனூர் போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு அடுக்கினார். மரம் பார்ப்பதை ஒரு சடங்கு மாதிரி செய்வார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதை வைத்துக் கேட்பது, மோந்து பார்ப்பது, கடைசியில் கண்ணை மூடிக்கொள்வது. கண்ணை மூடுவது மட்டும் வாங்க வந்தவர்களுக்காக என்று அம்மா சொல்வாள்.

எங்கள் வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கரும்புக் கொல்லை வரப்பு வழியாகப் பத்து நிமிட நடை. நான் நடந்து போனதாக நினைவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்காரவே வராது. மாதா கோயிலில் பூசை முடிவதற்குள் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்திருப்பேன். சாப்பிடும்போது தட்டோடு எழுந்து நடப்பேன். வீட்டில் யார் எதைச் சொல்லாமல் மறைத்தாலும் என் காதில் விழுந்துவிடும். அதற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் எப்போதாவது ஒரு நேரம் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அப்படித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா கரையாம்புத்தூருக்கும் பாண்டிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். அவருக்கு முன்னால் அதே பஸ்ஸை ஓட்டிய ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் முதலாளி அவரை வண்டி கழுவுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். அதனால் அப்பா அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. லீவு நாளில் தன் பஸ் போகாத திசையாகப் பார்த்து, சுத்துக்கேணிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். வியாதி தெரிந்தது பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின தவக்காலத்தில். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று கடையில் சொன்னபோது, பிடித்ததை விட்டுவிடுகிற ஒறுத்தல் என்று நினைத்துக்கொண்டார்கள். பாஸ்கா போய், மாதா திருவிழாவும் போய், அப்போதும் அவர் சர்க்கரை இல்லாமலே டீ குடித்தார். எங்கள் ஊரில் சாமியாருக்கு உதவியாகச் செபம் நடத்துகிற உபதேசியார் இதைப் பார்த்துவிட்டு, பக்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறுக்கவும் முடியாமல் தலையைக் குனிந்துகொள்வார். அது இன்னும் பக்தியாகத் தெரிந்தது.

மாத்திரை அவருக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டியதில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தபோதே கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிவிட்டது. எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டார். நாற்பது பேர் இருந்த பஸ். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவருடைய குரலே வேறாக இருந்தது. அம்மா தன் தம்பியிடம் சொன்னாள்.

அந்த மேசை வந்து இறங்கியது இதற்கு ஒரு மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் லீவில்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை. டவுனில் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டை இடித்தபோது கிடைத்தது. மேல்பலகையைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. கொட்டகை வாசலில் நுழையாததால் போல்ட்டைக் கழற்றி, நான்கு கால்களையும் தனியாக எடுத்து மூலையில் போட்டார்கள். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மொத்தமும் தார் போல் கறுத்துப்போயிருந்தது. நூறு வருஷத்துப் பாலீஷ் என்றார் மாமா. தட்டினார், காது வைத்தார், மோந்தார், கண்ணை மூடினார். ரோஸ்வுட்.

ஓட்டலுக்குச் சாமான் பார்க்கிற ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் காரில் வந்து, சாவி முனையால் அடிப்பக்கம் கீறிப் பார்த்து, ரோஸ்வுட் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன மரம் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வில்லியனூரில் மரக்கடை வைத்திருக்கிற பாயை வரவழைத்தார். தன் வாயால் இன்னொருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாய் ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியில் வந்தார். பலகையின் அடிப்பக்கம் சின்ன இழைப்புளியால் ஒரு சுருள் எடுத்தார். கறுப்புக்குக் கீழே மரம் தேன் நிறத்தில் இருந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு, சுருளை அதில் போட்டுவிட்டு, டீ குடித்தார், ஊர்ச் செய்தி பேசினார். எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை, டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அரைமணி கழித்து அவர் அதை எடுத்து வெயிலில் பிடித்தார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. ஆனால் விளிம்பில், வெயில் படுகிற இடத்தில் மட்டும், ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நீலம். டம்ளரை அசைத்தால் நீலமும் அசைந்தது.

"வேங்கை" என்றார் பாய். "நல்ல வைரம் பாஞ்ச கட்டை. இந்த நீலம் வேற எதுலயும் வராது."

ரோஸ்வுட் இல்லை என்று ஆனதில் மாமாவின் முகம் விழுந்துவிட்டது. அவரைத் தேற்றுவதற்காகத்தான் பாய் மேற்கொண்டு பேசினார் என்று நினைக்கிறேன். வேங்கையும் லேசுப்பட்ட மரம் இல்லை, கேரளாப் பக்கம் இதில் டம்ளர் கடைந்து சர்க்கரைக்காரர்களுக்கு விற்கிறார்கள், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள் என்றார். மாமா தலை நிமிர்ந்தார். கரும்புக் கொல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடு இருக்கிற திசையைப் பார்த்தார்.

பலகையை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. முழுசாக இருந்தால்தான் ஆள் வரும். கால்கள் இருந்தனவே, ஒவ்வொன்றும் என் தொடைக்கு இரண்டு மடங்கு பருமன். ஒரு காலைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய் ஆறு டம்ளர் கடைந்து வந்தார். முதல் டம்ளர் அப்பாவுக்கு. மீதியில் ஒன்று உபதேசியாரின் மனைவிக்கும் ஒன்று எங்கள் பள்ளிக்கூட டீச்சருக்கும் போயின. மற்றவை கொட்டகை முகப்பில் இருந்தன.

சாயங்காலச் செபம் முடிந்ததும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பது என் வேலை. காலையில் அது டிக்காஷன் மாதிரி பழுப்பாக இருக்கும். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, துவர்ப்பில் முகத்தைச் சுருக்கி, மாமா அங்கே இருந்தால் "சும்மா சொல்லக் கூடாது, ஒடம்பு லேசாத்தான் இருக்குது மச்சான்" என்பார்.

பத்து நாளில் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அன்றைக்குப் போல வண்டியிலேயே மயக்கம் வரும், மரம் ஒன்றே போதும் என்று மாமா சொன்னதைக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் இருந்து நான் கேட்டேன். மாத்திரை அட்டைகளை அப்பா மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். திரும்பியபோது நான் நின்றிருந்தேன். உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

வீடும் மாறியிருந்தது. அதுவரைக்கும் மாமா வந்தால் அப்பா செய்தித்தாளை விரித்துக்கொள்வார். இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்கள். தன் தம்பியைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் குரலில் முன்பிருந்த மன்னிப்புக் கேட்கிற தொனி போய்விட்டது. "எம் தம்பி குடுத்த மரம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரை என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு, உடம்புச் சூட்டுக்கு நல்லது என்பாள்.

நான் சந்தேகப்பட்டுச் சோதிக்கவில்லை. அந்த நீலத்தை இன்னொரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அப்பாவின் தண்ணீரில் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெயிலில் பிடித்தேன். பழுப்பு. திருப்பிப் பிடித்தேன். மாடிக்கு ஏறிப் பிடித்தேன். பழுப்புதான். காலை வெயில் போதாதோ என்று மறுநாள் உச்சி வெயிலில் பார்த்தேன். டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கோ என்று சாம்பல் போட்டு விளக்கினேன். நாலு நாள் இதே வேலையாக இருந்தேன். கணக்கு நோட்டில் தப்புத் தப்பாகப் போட்டேன், பள்ளிக்கூடத்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இருந்தால் உடனே வீட்டுக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் மாமா லோடு எடுக்க டவுனுக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர். பலகையின் அடியில் பாய் சீவிய இடத்திலிருந்து உடைந்த கண்ணாடியால் கொஞ்சம் சுரண்டி ஒன்றில் போட்டேன். மூலையில் கிடந்த காலில் அதேபோல் சுரண்டி மற்றதில் போட்டேன். சுரண்டும்போதே கை சொல்லிவிட்டது. பலகை வழவழவென்று வந்தது. கால் கல்லாக இருந்தது, சிவப்பாக இருந்தது. காத்திருந்த அரைமணியில் கொட்டகையை எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியாது. பிறகு இரண்டையும் வெளியே எடுத்துப் போனேன்.

ஒன்றில் நீலம் வந்தது. மற்றதில் வரவில்லை.

அந்த மேசையின் கால்கள் எப்போதோ மாற்றப்பட்டவையாக இருக்க வேண்டும். கறையான் பிடித்தோ, உடைந்தோ, யாரோ ஒரு தச்சர் கையில் கிடைத்த வேறு மரத்தில் செய்து பொருத்தி, மேலே ஒரே கறுப்பாகப் பாலீஷ் போட்டு மூடியிருக்கிறார். பாயிடம் காட்டியது பலகையை மட்டும். மாமா கடைந்தது காலை. இதில் பொய் சொன்னவர்கள் என்று யாருமே இல்லை.

காலிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பாய் கடைக்குப் போனேன். அவர் கத்தியால் சீவினார், நாக்கில் தொட்டுப் பார்த்தார். "கருவேலம் பாப்பா. வண்டிச் சக்கரத்துக்குப் போடுவாங்க. இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார். பள்ளிக்கூட புராஜெக்ட் என்று சொல்லிவிட்டு அவர் மேலே கேட்பதற்குள் ஓடி வந்துவிட்டேன். கருவேலம்பட்டையை இடித்துப் பல் விளக்குவார்கள். அப்பா ஒன்றரை மாதமாகப் பல்பொடியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அப்பா அவருக்கு நாற்காலியைத் தன் கையால் நகர்த்திப் போட்டார். டீச்சருக்கும் டம்ளர் ஒத்துக்கொண்டதாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வடை தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன். "ஒரு எடத்துல ஒக்காருடி" என்றாள் அம்மா.

யாரிடமும் சொல்லாமலே சரிசெய்துவிட ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றியது. மாமாவிடம் ஒரு பழைய அரம் உண்டு. கொட்டகைக்குப் போய்ப் பலகையின் அடிப்பக்கம் அரம் போட்டு, விழுகிற தூளை ஜாமெட்ரி பாக்ஸில் நிரப்பிக்கொண்டு வந்தேன். தினமும் செபம் முடிந்ததும் அப்பாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு சிட்டிகை போட்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, டீ வடிகட்டியில் வடித்துத் தூளை எறிந்துவிட்டு, தண்ணீரை மறுபடி அதே டம்ளரில் ஊற்றி வைத்தேன். முதல் நாள் கொஞ்சத்தை எடுத்து வெயிலில் பார்த்தேன். நீலம் இருந்தது. அப்பா குடித்துவிட்டு, "இன்னிக்கு இன்னா, கசப்பு தூக்கலா இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அது ஒரு பெரிய வேலையாகிவிட்டது. தூள் மூன்று நாளைக்குமேல் வராது. மாமா இல்லாத நேரம் பார்க்க வேண்டும். அம்மா எழுவதற்குள் எழ வேண்டும். வடிகட்டியில் மரவாடை இருக்கக் கூடாது. கண்ணைத் திறந்ததும் இன்றைக்குத் தூள் இருக்கிறதா என்றுதான் முதலில் நினைப்பேன். காய்ச்சல் வந்த இரண்டு நாளும்கூட எழுந்து வடித்தேன். என்னைத் தவிர யாராலும் அப்பாவைக் காப்பாற்ற முடியாது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை சந்தோஷத்தைவிடப் பதற்றத்தைத்தான் அதிகம் கொடுத்தது.

அப்பா மெலிந்துகொண்டு வந்தார். தொப்பை போனதைப் பார்த்து மாமா கைதட்டினார். அம்மா பேண்ட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அப்பா எப்போது பார்த்தாலும் தண்ணீர் குடித்தார்; பங்குனி வெயில் என்று சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துக்கு நான் அவர் பஸ்ஸில்தான் போவேன். கோயில் ஸ்டாப்பில் நிறுத்த வேண்டிய வண்டியைச் சில நாள் டீக்கடை தாண்டி நிறுத்தினார். இறங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். கண்டக்டர் அண்ணன், "டிரைவர் மச்சான் எங்களையும் நடக்க வச்சு எளைக்க வைக்கப் போறாரு" என்று கேலி செய்தார். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, புழுதி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகைக்கு ஆள் வந்துவிட்டது. டவுனிலேயே ஓர் ஓட்டலில் கேட்டிருந்தார்கள். டெம்போவில் ஏற்றக் கை போதவில்லை என்று மாமா கூப்பிட, அப்பாவும் போனார். பலகை போகப்போகிறதே, இனி தூளுக்கு என்ன செய்வது என்று நான் முதல் நாளே இரண்டு பாக்ஸ் நிறையச் சுரண்டி வைத்திருந்தேன். அவர்கள் ஏற்றிவிட்டு மதியம் சாப்பிட வந்தார்கள்.

அப்பா செருப்பை வாசலில் விடாமல் நேராகக் கொல்லைக்குப் போய்க் கைகழுவினார், கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நான் பின்னாலேயே தட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். சிமெண்டுத் தரையில் ஓர் அடி விட்டு ஓர் அடி சிவப்பாக இருந்தது. ஏதோ சாயம் என்று நினைத்து விரலால் தொட்டேன். கொல்லையிலிருந்து கூடம்வரை வலது கால் மட்டும் வைத்த இடமெல்லாம் இருந்தது.

அப்பா ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்துவைத்தாள். கொட்டகையில் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒன்று செருப்பையும் தைத்து, பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. செருப்பைக் கழற்ற முடியவில்லை. ஆணி இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அம்மா ஒரு கையால் பாதத்தை அழுத்திக்கொண்டு இழுத்தாள். ஒன்றரை அங்குலம் இருக்கும். அப்பா பிசைந்த கையோடு குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா உனுக்கு?" என்றாள் அம்மா.

அப்பா இடது கையால் பாதத்தை அழுத்திப் பார்த்தார். மாமா எழுந்து வாசலுக்குப் போனார்.

ஊசி மட்டும் போட்டுக்கொண்டு அப்பா மறுநாளே வண்டிக்குப் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் கேட்பார்கள், முதலாளிக்குப் போய்விடும் என்றார். கட்டுக்கு மேல் சாக்ஸ் போட்டு, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் அந்தக் காலாலேயே மிதித்தார். ஆறாம் நாள் கால் முழங்கால்வரை வீங்கி, வீட்டில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஏழாம் நாள் காய்ச்சலில் அவர் எங்களைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டபோது, அம்மா பக்கத்து வீட்டு ஆட்டோவை வரவழைத்துப் பாண்டிக்குக் கொண்டுபோனாள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அங்கேதான் டாக்டர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை வேளை என்று கேட்டிருக்கிறார். அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து, மாதா படத்தைக் கழற்றினாள். அம்மா நம்புவதற்காக அவர் மாதாமாதம் வாங்கி வந்து செருகிய மூன்று மாத அட்டை, பிரிக்காமல் அப்படியே விழுந்தது. நான் காட்டிக் கொடுக்கவில்லை. அப்பாவே சொல்லியிருக்க வேண்டும். அம்மா அவற்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்து நின்றிருந்த மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ நிறுத்தச் சொன்னியா?"

"வேங்கை சக்கரைக்கு நல்லதுக்கா" என்றார் மாமா. "எல்லாரும் சொல்றாங்க."

அம்மா அட்டைகளைப் பைக்குள் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு வெகுகாலம் அவள் தன் தம்பியோடு பேசவில்லை. அப்பா அப்புறம் பஸ் ஓட்டவும் இல்லை. முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் டைம் எழுதுகிற வேலைக்கு வைத்துக்கொண்டார். மாத்திரையும் ஊசியுமாக இன்னும் இருக்கிறார். அதெல்லாம் பின்னால்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களில் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கொட்டகையைத் திறக்கவில்லை என்றும், உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் மாமாவைத் தப்பாக நினைக்கிறார்கள், உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மதியம், காலையிலேயே மறுபடி ஊறவைத்திருந்த இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களையும் தூளையும் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.

மாமா ஒரு பழைய கதவின் மேல் பனியனோடு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் பாட்டில்களை அவர் முன்னால் வைத்து மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பலகை வேறு, கால் வேறு. பாய் பார்த்தது பலகையை. இதோ நீலம், இதோ பழுப்பு. மூலையில் மீதி இருந்த கால்களில் ஒன்றை இழுத்துக் காட்டினேன்.

"கருவேலமா?" என்றார்.

"ஆமா மாமா. பாயே சொன்னாரு."

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஓடுவது எனக்குத் தெரிந்தது. சட்டென்று எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"அப்ப மரந்தான் தப்பு" என்றார். "அக்காகிட்ட சொல்லணும். மரம் மாறிப்போச்சு, அதான் இப்படி ஆயிருச்சு. நெஜ வேங்கையா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வா, நீயும் வந்து சொல்லு."

அவர் மறுபடி பழைய மாமாவாக ஆனதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் முழுசாகச் சொல்லவில்லையே என்று தோன்றியது. அவர் நினைப்பதைவிட விஷயம் இன்னும் நன்றாக அல்லவா இருந்தது?

"இல்ல மாமா, அப்பா நெஜ வேங்கையும் குடிச்சாரு" என்றேன். தூளைக் காட்டினேன். அரம் போட்டதை, தினமும் போட்டு வடித்ததை, காய்ச்சலிலும் விடாததை, நீலம் வந்ததை எல்லாம் சொன்னேன். "கடைசி ஒரு மாசத்துக்கு மேல அவரு குடிச்சது வேங்கைதான். நீ சொன்னது சரிதான் மாமா."

ஒரு கையைச் சட்டைக்குள் விட்டிருந்தவர் அப்படியே நின்றார். எத்தனை நாள் என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன், எனக்குக் கணக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு நாள்கூட விடலையா என்றார். ஒரு நாள்கூட விடலை என்றேன்.

மாமா மெல்ல அந்தக் கதவின் மேல் உட்கார்ந்தார். சட்டையின் மற்றொரு கை தரையில் இழுபட்டது. நான் அவர் எழுவார் என்று நின்றேன். எழவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தரையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

நான் மூச்சுவாங்கிக்கொண்டே பேசியதில் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் பக்கத்தில் போய், இன்னும் கொஞ்சம் சத்தமாக, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.